கேளுங்க நைனா: பிட்சரை எறக்குறாங்க, டிக்கெட்டை ஏத்துறாங்க

போன இதழ்ல அமெரிக்க பேஸ்பால் ஃபைனலான 2025 உலகத் தொடர் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தோம், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் டொரான்டோ புளூ ஜேஸும் ஏழு ஆட்டம் மோதுனாங்களே அது. வேலூர்ல பேஸ்பாலை எவன்யா படிப்பான்னு எடிட்டரே முணுமுணுத்தாரு. வந்த கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜு எல்லாம் பாத்தா தெருவுக்கு நாலு வீட்ல ஒரு புள்ள நியூஜெர்சியிலயோ டெக்ஸாஸ்லயோ கீது, அதுங்க போன் பண்ணி ஏத்திவிட்டு இங்க அப்பா அம்மா வரைக்கும் டீம் புடிச்சிகினு சண்டை போடறாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்ல பக்கம் பத்தாது, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

அண்ணே, நல்லா போட்டுகினு இருக்கற பிட்சரை பாதில எறக்கிடறாங்களே, இன்னா கணக்கு அது? 2020 ஃபைனல்ல ஸ்னெல்லை எடுத்தது கரெக்ட்டுன்றான் என் ரூம்மேட், நான் முட்டாள்தனம்ன்றேன். ஒரு வாரமா ஹாஸ்டல்ல பேச்சுவார்த்தையே இல்ல.
— இன்ஜினியரிங் மாணவர், காட்பாடி

தம்பி, உங்க ரூம்ல ஒரு வாரம்தான், அமெரிக்காவுல 2020-ல ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓடிகினு இருக்குது. தெரியாதவங்களுக்காக விஷயத்தை சொல்லிடறேன். பேஸ்பால்ல நாலு பேஸைச் சுத்தி வந்தாதான் ஒரு ரன், ஒரு டீமுக்கு ஒம்பது இன்னிங்ஸ், ஒவ்வொண்ணுக்கும் மூணு அவுட்டு. உலகத் தொடர்ல ஆறாவது ஆட்டம், டாம்பா பே ரேஸ் 1-0ன்னு முன்னாடி இருக்காங்க, தோத்தா கதை முடிஞ்சுது, ஜெயிச்சா ஏழாவது ஆட்டம். பிளேக் ஸ்னெல் போட்டது 73 பந்து, 9 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட்) பண்ணியாச்சு, டாட்ஜர்ஸோட மொத மூணு பேட்டர் பெட்ஸ், சீகர், டர்னர் மூணு பேரும் ரெண்டு ரெண்டு வாட்டி வந்து ஆறு வாட்டியும் ஸ்ட்ரைக் அவுட். ஆறாவது இன்னிங்ஸ்ல ஒரு அவுட்டுக்கு அப்பால ஒரு சாதாரண ஹிட் போச்சு, அது அன்னிக்கு அவர் குடுத்த ரெண்டாவது ஹிட்டு, அவ்ளோதான், மேனேஜர் கெவின் கேஷ் உள்ள நடந்து வந்துட்டாரு. ஸ்னெல் வாயில இன்னா வந்துச்சுன்னு டிவியில பாத்தவங்களுக்கு சத்தமே தேவைப்படல. நிக் ஆண்டர்சன் வந்தாரு, பெட்ஸ் டபுள் அடிச்சு ரெண்டாவது பேஸுக்குப் போயிட்டாரு, அடுத்து கேட்சருக்கு எட்டாம போன ஒரு வைல்ட் பிட்ச்ல ஸ்கோர் சமம், அப்பால ஒரு தரைப்பந்துல டாட்ஜர்ஸ் முன்னாடி போயிட்டாங்க. முடிவு 3-1, 1988-க்கு அப்பறம் அவங்களுக்கு மொத கோப்பை.

கேஷ் பண்ணது தலைகால் புரியாத வேலை இல்ல, அது மொதல்ல தெரிஞ்சுக்கோ. ஒரே பிட்சரை ஒரே பேட்டர் அதே ஆட்டத்துல மூணாவது வாட்டி பாக்கும்போது அடி அதிகமா விழுதுன்றது வருஷக்கணக்கா எடுத்த கணக்கு, பந்து எங்க இருந்து கெளம்புது எப்ப வளையுதுன்னு கண்ணு பழகிடுது, பிட்சருக்கும் கை அசந்துடுது. கிரிக்கெட்ல பவுலரை ரெண்டு ஓவர் நிறுத்திட்டு பதினெட்டாவது ஓவருக்கு திரும்ப கூப்புடலாம், பேஸ்பால்ல வெளிய போனவன் போனவன்தான், அன்னிக்கு மறுபடி உள்ள வர முடியாது. அதனாலதான் கேப்டன் வேலையை வெளிய உக்காந்திருக்கற மேனேஜர் பாக்கறாரு, அவர் வெளிய வந்தார்னா ஊரே நெஞ்சைப் புடிச்சிக்கிது.

ஆனா நீ கேக்கறது வேற, அன்னிக்கு அது சரியான்னு. என்னைக் கேட்டா இல்ல. 162 ஆட்டம் ஆடற சீசனுக்கு அந்தக் கணக்கு சோறு போடும், ஒரு நாள் தப்பானா மறுநாள் சரியாயிடும். ஃபைனல்ல மறுநாள்னு ஒண்ணு இல்ல. அதுவும் ஆண்டர்சன் அந்த ப்ளேஆஃப்ல ஏற்கனவே வரிசையா ரன் குடுத்துகினு இருந்த ஆளு, அதுவும் கணக்குதானே, அதை யாரு பாக்கறது? "மூணாவது வாட்டி ஆபத்து"ன்ற கணக்கைப் பாத்தவங்க "வரப்போறவன் அடி வாங்கிகினு இருக்கான்"ன்ற கணக்கை விட்டுட்டாங்க.

உன் ரூம்மேட்டுக்கும் ஒண்ணு சொல்லணும்ல. 2003-ல பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில் இதுக்கு நேர் எதிரா பண்ணாரு. நியூயார்க் யாங்கீஸ் கூட ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 5-2 லீடு, பெட்ரோ மார்டினெஸ் அசந்து போயிட்டாருன்னு டிவி பாக்கறவனுக்கே தெரியுது, மேனேஜர் உள்ள போயி பேசிட்டு அவரையே விட்டுட்டு வந்துட்டாரு. 5-5 ஆச்சு, 11-வது இன்னிங்ஸ்ல யாங்கீஸ் ஆளு ஆரன் பூன் ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சு முடிச்சிட்டாரு. லிட்டிலோட கான்ட்ராக்ட்டை பாஸ்டன் அப்பறம் நீட்டிக்கவே இல்ல. எடுத்தாலும் அடி, எடுக்கலன்னாலும் அடி, அந்த வேலைக்கு சம்பளமே அந்த அடிக்குத்தான். மொதல்ல ரூம்மேட்டோட பேசு, எக்ஸாம் டைம்ல நோட்ஸ் வேணும்.

அந்த ஆரன் பூன் இப்போ யாங்கீஸ் மேனேஜர்தானே? 2024-ல மூக்கி பெட்ஸை சும்மாவே நடக்க விட்டு அடுத்த ஆளுகிட்ட வாங்கிக்கட்டிக்கினாரே, அதுக்கு இன்னா சொல்றீங்க?
— லுங்கி மொத்த வியாபாரி, குடியாத்தம்

அவரேதாங்க. அன்னிக்கு ஹீரோ, இன்னிக்கு வசவு வாங்கற எடத்துல. 2024 உலகத் தொடர்ல டாட்ஜர்ஸோட மோதுன ஆட்டம் அது, நம்ம டைம்ல சனிக்கிழமை காலைல, நாஷ்டா தட்டோட பாத்தவங்க நெறைய பேரு. பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 முன்னாடி, செப்டம்பர் 18-க்கு அப்பறம் ஒரு ஆட்டம் கூட ஆடாத நெஸ்டர் கோர்டெஸை கொண்டாந்தாரு, எடது கை பிட்சர். டாட்ஜர்ஸோட ஸ்டார் ஓட்டானி எடது கை பேட்டர், எடது கை பிட்சர் போட்டா எடது கை பேட்டருக்கு அடிக்கறது கஷ்டம்ன்றதால. மொத பந்துலயே ஓட்டானி கேட்ச் அவுட், ஆனா புடிச்ச ஆளு வெர்டூகோ தடுப்பைத் தாண்டி கூட்டத்துக்குள்ள விழுந்துட்டாரு, அப்படி விழுந்தா ரன்னர்ஸ் ஆளுக்கு ஒரு பேஸ் முன்னாடி போலாம்னு ரூலு. ரெண்டாவது மூணாவது பேஸ்ல ஆளு, ரெண்டு அவுட்டு. அடுத்தது பெட்ஸ், வலது கை. அவரை சும்மா, அதாவது அடிக்கவே விடாம மொத பேஸுக்கு நடக்க விட்டு ஃப்ரெடி ஃப்ரீமனுக்குப் போடு, அவர் எடது கை, அதுவும் கணுக்கால் அடிபட்டு நொண்டிகினு ஆடறாரு. கணக்குப்படி தப்பே சொல்ல முடியாது. ஃப்ரீமன் மொத பந்தையே தூக்கிட்டாரு, உலகத் தொடர் வரலாத்துலயே ஆட்டத்தை முடிச்ச மொத கிராண்ட் ஸ்லாம் (மூணு பேஸ்லயும் ஆளு இருக்கும்போது அடிக்கற ஹோம் ரன், நாலு ரன்னு) அது, 6-3.

பெட்ஸை நடக்க விட்டது சரிதான்றேன் நான், அந்த எடத்துல ஒரு மாசத்துக்கு மேல பந்தே போடாத ஆளை நிக்க வச்சது சரியில்ல. டிம் ஹில்னு இன்னொரு எடது கை ஆளு அங்கயேதான் இருந்தாரு.

சும்மா நடக்க விடறது கோழைத்தனம்னு சிலர் எழுதியிருந்தாங்க. 2004-ல பாரி பாண்ட்ஸ்ன்ற பெரிய அடிக்காரரை அப்படி 120 வாட்டி நடக்க விட்டாங்க, 1998-ல ஒரு வாட்டி மூணு பேஸ்லயும் ஆளு இருக்கும்போதே நடக்க விட்டு ஒரு ரன்னை தானமா குடுத்தாங்க, அரிசோனா 8-7ல ஜெயிச்சும் போச்சு. பயந்தவன் ஜெயிச்சா அதுக்கு பேரு வியூகம், வேற இன்னா.

பந்தை மெதுவா தட்டிவிட்டு வேணும்னே அவுட் ஆவறாங்களே, பன்ட்டுன்றாங்க. விக்கெட்டை எவனாவது தானமா குடுப்பானா சார்?
— ரிட்டயர்ட் பி.டி. வாத்தியார், ராணிப்பேட்டை

வாத்தியாரே, இப்போ கிரிக்கெட்லயும் குடுக்கறாங்க. 2022-ல நம்ம அஸ்வின் ராஜஸ்தானுக்கு ஆடும்போது அவரே 'ரிடயர்ட் அவுட்'னு நடந்து வெளிய வந்தாரு, ஐபிஎல்ல அதான் மொத வாட்டி. டி20ல 120 பந்துக்கு 10 விக்கெட்டு, விக்கெட்டை விட பந்து ஒசத்தி, அதனால அது ஓடும். பேஸ்பால்ல தலைகீழு, பந்துக்கு கணக்கே கெடையாது, 27 அவுட்டு மட்டும்தான் கையில இருக்கற மொத்த காசு. அவுட் இல்லாம மொத பேஸ்ல ஒரு ஆளு இருந்தா அந்த இன்னிங்ஸ்ல சராசரியா 0.9 ரன் கிட்ட வரும், பன்ட் பண்ணி அவரை ரெண்டாவது பேஸுக்குத் தள்ளி ஒரு அவுட் குடுத்தா அது 0.7 கிட்ட எறங்கிடுது. ஆளு முன்னாடி போறாரு, ரன்னு பின்னாடி போவுது. இந்தக் கணக்கு பரவினதுக்கு அப்பறம் பன்ட் ரொம்ப கொறைஞ்சு போச்சு.

ஆனா சராசரி வேற, ஒரே ஒரு ரன் கண்டிப்பா வேணும்ன்ற நெலமை வேற. கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், ரெண்டாவது பேஸ்ல ஆளு, அவுட் இல்ல, பேட்டர் சுமாரு, அப்ப தட்டிவிட்டு மூணாவதுக்கு அனுப்பறவன் புத்திசாலி, அதுக்கு அப்பால ஒரு உயரமான கேட்ச்சு போனாலே அவன் ஓடி வந்துடுவான். அப்பயும் பெரிய அடிக்கே போற டீமுங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல்தான் வருது.

பேஸ்பால்ல டிரா உண்டா?
— எட்டாம் கிளாஸ், வாணியம்பாடி

அமெரிக்க லீக்ல இல்ல கண்ணு, ஒருத்தர் ஜெயிக்கற வரைக்கும் ஆடணும். 2025 உலகத் தொடர் மூணாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போச்சு, நம்ம டைம்ல காலைல அஞ்சரைக்கு ஆரம்பிச்சது மத்தியானம் பன்னெண்டைத் தாண்டிடுச்சு. அன்னிக்கு ஓட்டானியை நாலு வாட்டி வேணும்னே நடக்க விட்டாங்க. நீ ஸ்கூலுக்கு ஒழுங்கா போனியா இல்லயா?

எங்க ஷெட்டுல இந்த பந்தை வச்சு ஒரு வாதம். அது இன்னா தோலு? கேலரிக்கு வந்த பந்தை அங்க ஜனங்களே எடுத்துகினு போயிடலாமாமே, நெஜமா?
— தோல் ஷாப்பு சூப்பர்வைசர், ஆம்பூர்

பசுந்தோலுங்க. 1974 வரைக்கும் குதிரைத்தோலுல செஞ்சாங்க, அப்பறம் கெடைக்கலன்னு மாத்திட்டாங்க. உங்க பக்கம் குரோம் போட்டா நீலமா வருமே, அது இல்ல, இது படிகாரத்துல பதம் பண்றது, அதான் வெள்ளையா இருக்குது. ரெண்டு துண்டு தோலு, செவப்பு நூலு, 108 ரெட்டைத் தையல், எல்லாம் கையாலதான், கோஸ்டா ரிகாவுல ஒரு ஃபேக்டரில. வழவழன்னு இருந்தா கைல நிக்காதுன்னு மேட்சுக்கு முன்னாடி ஒரு ஆத்துச் சேத்தை எடுத்துத் தடவறாங்க, உங்க பசங்க கிட்ட சொன்னா சிரிப்பாங்க.

பந்தை எடுத்துக்கலாம், நெஜம். ஒரு மேட்சுக்கு நூறு பந்து வாக்குல செலவாவுது, மண்ணுல பட்டா மாத்திடுவாங்க, கூட்டத்துக்குள்ள வந்தது வந்தவங்களுக்கே. சேப்பாக்கத்துல சிக்ஸரை புடிச்சவன் பந்தைத் திருப்பித் தூக்கிப் போடணும். 2024-ல ஓட்டானி அம்பதாவது ஹோம் ரன் அடிச்ச பந்து ஏலத்துல 43 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அப்படி ஒண்ணு மடியில விழுந்தா டிக்கெட் வெலையைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

என் வீட்டுக்காரருக்கு தோனி பைத்தியம். சேப்பாக்கம் போலாம்னு கணக்கு போட்டா நாலு பேருக்கு பத்தாயிரத்துக்கு மேல ஆவுது. ரெண்டு ஓவர் ஆட வராரு மனுஷன், அதுக்கு இவ்ளோவா?
— இல்லத்தரசி, சத்துவாச்சாரி

அம்மா, உங்க கணக்கு சரியாத்தான் இருக்குது. 2025 சீசன்ல சேப்பாக்கத்துல கம்மி டிக்கெட்டே 1,700, மேல போனா 7,500 வரைக்கும். அந்த 1,700ம் ஆன்லைன்ல தொறந்த கொஞ்ச நேரத்துல போயிடும், வரிசைல லட்சத்துக்கு மேல ஆளு நிக்கறதா போன் காட்டும். 2025 செப்டம்பர்ல இருந்து ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 40 சதவீதமா வேற ஏத்திட்டாங்க. அதுக்கு அப்பால பதினொன்ற மணிக்கு மேட்ச் முடிஞ்சு, கூட்டத்துல பசங்க கையைப் புடிச்சிகினு வெளிய வந்து, காட்பாடிக்கு வண்டி புடிக்கறது தனி மேட்ச்.

ஆனா ஏன் இவ்ளோ வெலைன்னா ஒரு வருஷத்துல சொந்த ஊர்ல ஏழே ஆட்டம், ஸ்டேடியத்துல நாப்பதாயிரத்துக்கும் கம்மியா சீட்டு, கேக்கறவங்க தமிழ்நாடு பூரா. அமெரிக்காவுல ஒரு டீமுக்கு சொந்த ஊர்ல 81 ஆட்டம். செவ்வாக்கிழமை ராத்திரி ஆட்டத்துக்கு சீட்டு ரொம்பாது, அதனால கொறைச்ச வெலைக்கும் கெடைக்கும். சம்பளத்தோட வச்சுப் பாத்தா, அங்க ஒரு சாதாரண ஆட்டம் பாக்கறது நம்ம ஆளு சேப்பாக்கம் போறதை விட சல்லிசு. நாமதான் ஏமாளிங்க.

நீங்க சொன்ன ரெண்டு ஓவர் விஷயம் இருக்குதே, அதுதான் காட்பாடி தம்பி கேட்டதும். காசு வாங்கும்போது ஆளைக் காட்டி வாங்கறாங்க, போஸ்டர்ல அந்த மொகம்தான். ஆட்டம் ஆரம்பிச்சதும் கணக்கு நடத்துது, எந்தப் பந்துக்கு யாரு வரணும், எத்தனை பந்து இருக்கும்போது எறங்கணும், எல்லாம். ஸ்னெல்லைப் பாக்க காசு குடுத்தவனுக்கு 73 பந்து, தோனியைப் பாக்க காசு குடுத்தவருக்கு ரெண்டு ஓவரு. 2025 சீசன்ல ஒம்பதாவதா எறங்குனாருன்னு எவ்ளோ சண்டை. அதுல டீம் மேல தப்பு சொல்ல மாட்டேன், முழங்காலு அவருது. ஆனா டிக்கெட்டை மட்டும் முழு ஆட்டத்துக்கு போடறாங்கல்ல, அதைக் கேக்கறதுல நியாயம் இருக்குது. வீட்டுக்காரரு கேக்க மாட்டாரு, தெரியும். ஒரு வாட்டி கூட்டிகினு போயிடுங்க, இல்லன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு.

பையன் சான் ஃப்ரான்சிஸ்கோவுல கீறான். ஒரே ஸ்டேடியம், ஒரே சீட்டு, ஒரு நாள் ஒரு வெல, மறுநாள் டபுள்ன்றான். நெசவுக்கூலி மாதிரி ஒரு ரேட்டுனு இல்லயா?
— பட்டுத்தறி ஓனரு, ஆரணி

அந்த வேலையை ஆரம்பிச்சு வச்சதே உங்க பையன் ஊரு டீமுதான். ஜயன்ட்ஸ் 2009-ல கொஞ்சம் சீட்டுக்கு சோதனை பண்ணி, 2010-ல ஸ்டேடியம் பூராவுக்கும் கொண்டாந்தாங்க. எதிர் டீமு யாரு, எந்தக் கெழமை, எந்த பிட்சர் போடறாரு, வானிலை எப்படி, எல்லாத்தையும் பாத்து கம்ப்யூட்டர் வெலையை ஏத்தி எறக்கும். தீவாளிக்கு மொத நாளு ஆம்னி பஸ் ரேட்டு பாத்திருப்பீங்கல்ல, அது வருஷம் பூரா தெனம் நடக்குதுன்னு வச்சுக்கோங்க. டாட்ஜர்ஸ் வந்தா ஏறும், தோத்துகினு இருக்கற டீமு வந்தா எறங்கும்.

இதுல எனக்கு கோவம் வர்றது ஏத்தறதுல இல்ல, ஒளிக்கறதுல. அம்பது டாலர்னு காட்டி காசு கட்டற எடத்துல சர்வீஸ் சார்ஜ், அந்த சார்ஜ், இந்த சார்ஜ்னு சேத்துகினே போவாங்க. 2025 மே மாசத்துல இருந்து அங்க சட்டம், கட்டாயமா கட்டவேண்டிய எல்லா சார்ஜையும் சேத்து மொத்த வெலையை மொதல்லயே காட்டணும்னு. கொறையாது, ஆனா தெரிஞ்சுக்கலாம். நம்ம ஊரு ஆன்லைன் புக்கிங்குக்கும் இப்படி ஒண்ணு வந்தா தேவல.

இன்னொரு பக்கம், வெல ஏறுதுன்னு கத்தறவங்கதான் வாங்கவும் வாங்கறாங்க. டாட்ஜர்ஸ் ஓட்டானிக்கு பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர்னு கையெழுத்து போட்டாங்க, அதுல 68 கோடி அப்பறமா குடுத்துக்கலாம்னு தள்ளி வச்சாச்சு. வெலையும் ஏறுச்சு, 2025-ல வந்த கூட்டம் 40 லட்சத்தையும் தாண்டுச்சு. அப்படி இருக்கும்போது எவன் கொறைப்பான்? 2024 உலகத் தொடருக்கு கடைசி வரிசை சீட்டே வெளி மார்க்கெட்ல ஆயிரம் டாலரைத் தாண்டிடுச்சு. அதை வாங்காதவங்கதான் டிவில ஃப்ரீமன் அடிச்சதை நம்மள மாதிரியே பாத்தாங்க, அதுவும் நம்மள விட பெரிய டிவில.

ஏப்ரல்ல மகள் வீட்டுக்கு லாஸ் ஏஞ்சலஸ் போறோம், நானும் அவரும். மருமகன் மேட்ச்சுக்கு கூட்டிகினு போறேன்றாரு. எனக்கு ஒரு எழவும் புரியாதே, போலாமா? காசு தண்டமா?
— ரிட்டயர்ட் நர்ஸ், போளூர்

தாராளமா போங்கம்மா. மருமகன் கிட்ட சனி ஞாயிறு வேணாம், வாரநாள்ல சின்ன டீமு வர்ற ஆட்டமா பாத்து மேல் அடுக்குல வாங்கச் சொல்லுங்க, மேல இருந்து பாத்தாதான் யாரு எங்க ஓடறாங்கன்னு மொத வாட்டி பாக்கறவங்களுக்குப் புரியும். காரு வேணாம், பார்க்கிங்குக்கே தண்டம் அழணும், யூனியன் ஸ்டேஷன்ல இருந்து டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு பஸ் விடறாங்க, மேட்ச் டிக்கெட் காட்டுனா ஃப்ரீ. வெயில் காலம்னு நெனச்சு மெல்லிசு பொடவையோட போயிடாதீங்க, அங்க ஏப்ரல் ராத்திரி நம்ம ஏப்ரல் மாதிரி இல்ல, ஒரு சால்வை இருக்கட்டும்.

சாப்பாடு உள்ள வாங்குனா மருமகனுக்கு டிக்கெட்டை விட அதிகமா ஆயிடும். அந்த ஸ்டேடியத்துல வெளி சாப்பாடு விடறாங்க, உள்ள இருக்கறது தெரியற மாதிரி பிளாஸ்டிக் பையில போட்டுகினு போவணும், அதனால புளிசாதம் கட்டிக்குங்க. தண்ணி பாட்டில் சீல் ஒடைக்காததா இருக்கணும், கண்ணாடி பாட்டில் கூடாது. எவர்சில்வர் டிபன் பாக்ஸை மகள் வீட்லயே விட்டுட்டுப் போங்க, கேட்டுல அதை வச்சிகினு வாதாட முடியாது.